கரிசல் நாட்டில் சைக்கிள் யாத்திரை வழிகள்

யாத்திரை நம் நாட்டிற்குப் புதியதன்று. இரயிலும் மோட்டாரும் வருவதற்கு முன்னர், இராமேசுவரம் செல்வோர் ஊர் ஊராக நடந்தே சென்றனர். அவர்கள் தங்குவதற்குச் சத்திரங்களும், தாகம் தீர்ப்பதற்கு ஊரணிகளும், தலைச்சுமையை இறக்கி வைப்பதற்குச் சுமைதாங்கிக் கற்களும், இளைப்பாறுவதற்குச் சாலை மரங்களும் இருந்தன. நரிக்குடியில் மருது சகோதரர்கள் பெயரால் வழங்கும் சத்திரம் அத்தகைய ஏற்பாடுகளுக்கு ஒரு சான்று. மோட்டார் வந்த பின்னர்ப் பிரயாணி ஊர்களைக் கண்டு செல்பவராக இல்லை, தாண்டிச் செல்பவராகிவிட்டார். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு நான்கு வழிச் சாலையில் செல்பவர், காரியாபட்டியையும் அருப்புக்கோட்டையையும் பந்தல்குடியையும் பெயர்ப் பலகைகளாக மட்டுமே அறிவார்.

இந்நிலையில், உலகின் பல பாகங்களிலும் சைக்கிளில் ஊர் சுற்றிப் பார்ப்போர் பெருகி வருகின்றனர். நம் மாநிலத்திலும் நகரங்களில் சைக்கிள் சங்கங்கள் தோன்றியுள்ளன. விடுமுறை நாட்களில் அதிகாலையில் புறப்பட்டு நாட்டுப்புறச் சாலைகளில் செல்லும் குழுக்களைப் பலரும் கண்டிருப்பர். இத்தகையோரால் நம் கிராமங்களுக்கு நன்மை உண்டா? உண்டாயின், அதன் பொருட்டுப் பஞ்சாயத்துக்கள் செய்ய வேண்டியவை எவை? செய்யக் கூடாதவை எவை? அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

சைக்கிள் பிரயாணியின் இயல்பு

காரில் வரும் பிரயாணி ஒரு மணி நேரத்தில் 60 கிலோமீட்டர் கடக்கிறார். அவருக்கு வேண்டிய உணவும் தண்ணீரும் நகரத்திலேயே வாங்கப்பட்டு வண்டியில் இருக்கின்றன. சைக்கிளில் வருபவரோ மணிக்கு 10 முதல் 15 கிலோமீட்டர் வரையே செல்வார். வெயில் நேரத்தில் மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் அவருக்குத் தண்ணீர் வேண்டும். அவர் சுமந்து வரக்கூடியது ஒரு சிறு பை. ஆதலின் அவர் நின்றே ஆக வேண்டும். நிற்கும் இடம் பெரும்பாலும் கிராமமாகவே இருக்கும். மேலும் அவர் தெருவில் மெதுவாகச் செல்வதால் ஊரைப் பார்க்கிறார்; ஊராரும் அவரைப் பார்க்கின்றனர். ஒரு வார்த்தை பேசுவதற்கு இருவருக்கும் அவகாசம் உண்டு.

அவர் கேட்பதும் சிறிதே. வழி தெரிய வேண்டும். நல்ல தண்ணீர் வேண்டும். நிழலும் கழிப்பிடமும் வேண்டும். பஞ்சர் ஒட்ட ஆள் வேண்டும். பசிக்கு நல்ல உணவு வேண்டும். இவற்றுள் ஒன்றேனும் கிராமத்தாருக்கு வேண்டாதது என்று கூற முடியுமா? இக்கருத்தை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

தென் பிரான்சு தேசத்தின் அனுபவம்

பிரான்சு தேசத்தின் தென்பகுதி கோதுமையும் திராட்சையும் விளையும் பழமையான நாட்டுப்புறம். அங்குத் தூலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடல் வரை ஏறக்குறைய 240 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு கால்வாய் உண்டு. பியேர் போல் ரிக்கே என்பவரின் முயற்சியால் 1666-இல் தொடங்கி 1681-இல் அது திறக்கப்பட்டது. மலையோடைகளின் நீரை ஓர் ஏரியில் தேக்கி, அங்கிருந்து கால்வாய்க்கு விடும்படி அவர் அமைத்தார். நம் கண்மாய்க்கு வரத்துக்கால் எப்படியோ அப்படி. அதன் பெயர் 'மிதி' கால்வாய். மிதி என்பது அவர்கள் மொழியில் தெற்கைக் குறிக்கும் சொல். மிதிவண்டிக்கும் அதற்கும் உறவில்லை.

தானியமும் மதுவும் ஏற்றிச் சென்ற அக்கால்வாய்ப் படகுகள், இரயில் வந்த பின்னர்ப் படிப்படியாகத் தொழில் இழந்தன. சரக்குப் போக்குவரத்து நின்றுபோயிற்று. ஆயினும் கால்வாய் அழிய விடப்படவில்லை. 1996-இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. படகுகளைக் குதிரைகள் இழுத்துச் சென்ற கரைப்பாதை இன்று சைக்கிள் வழியாக இருக்கிறது. புதிய சாலை போட்டு அவர்கள் தொடங்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இருந்த பாதையையே பயன்படுத்தினர். அதன் பெரும்பகுதி நெடுங்காலம் வெறும் மண்பாதையாகவே இருந்தது.

தங்குமிடத்திற்கு அவர்கள் கண்ட வழியும் நோக்கத்தக்கது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரெஞ்சு நாட்டுப்புற மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தமையால், பல பண்ணை வீடுகள் வெறுமையாயின. அவ்வீடுகளைச் செப்பனிட்டு விருந்தினருக்கு விடும் முறையை 1951-இல் அந்நாட்டின் தென்கிழக்கு மலைப்பகுதியில் தொடங்கினர். 1955-இல் இவ்வீட்டுக்காரர்களுக்கென நாடு தழுவிய கூட்டமைப்பு ஒன்று ஏற்பட்டது. விவசாயி விவசாயியாகவே இருந்தார். பூட்டிக் கிடந்த வீடு மட்டும் அவருக்குத் துணை வருமானம் தந்தது.

மூன்றாவதாக, 'சைக்கிள் வரவேற்பு' என்று பொருள்படும் ஒரு முத்திரையை அந்நாட்டார் வழங்குகின்றனர். குறித்த சைக்கிள் வழியிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருத்தல், சைக்கிளைப் பத்திரமாக வைக்க இடம், பழுது பார்க்கும் கருவிகள் முதலியவை அதற்கு நிபந்தனைகள். முத்திரையுள்ள இடத்தில் என்ன கிடைக்கும் என்பது பிரயாணிக்கு முன்னரே தெரிகிறது.

அவர்களுக்கு நேர்ந்த இடரும் நமக்குப் பாடமே. கால்வாயின் இரு கரைகளிலும் நிழல் தரும் பிளேன் மரங்கள் ஏறக்குறைய 42,000 இருந்தன. 2006-இல் அவற்றில் ஒரு பூஞ்சண நோய் காணப்பட்டது. ஒரே வகை மரமாகையால் நோய் வரிசையாகப் பரவிற்று. ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டி எரிக்க வேண்டியதாயிற்று. இப்போது பலவகை மரங்களைக் கலந்து நடுகின்றனர். சாலையோரம் மரம் வைக்க எண்ணும் பஞ்சாயத்துக்கள் இதை நினைவிற்கொள்க.

நம் வட்டாரத்தில் காணத்தக்கவை

இனி நம் நாட்டிற்கு வருவோம். கரிசல் காடு, பனை வரிசை, கண்மாய்க் கரை என்பவற்றைத் தவிர இங்கு என்ன இருக்கிறது என்று நம்மவர்களே கேட்பதுண்டு. மூன்று வழிகளை மட்டும் இங்கே குறிப்பிடுவோம்.

முதலாவது, கிழக்கு வழி. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி ஏறக்குறைய 15 கிலோமீட்டர். புதியவரும் ஒன்றரை மணி நேரத்தில் சென்று சேரலாம். குண்டாற்றங்கரையில் அமைந்த திருமேனிநாதர் கோயில், சுந்தரர் பாடிய பாண்டி நாட்டுத் திருத்தலம். பழைய கல்வெட்டுக்களில் ஊரின் பெயர் திருச்சுழியல் என்று காணப்படுகிறது. இரமண மகரிஷி 1879 டிசம்பர் 30-ஆம் நாள் இவ்வூரில்தான் பிறந்தார். அவர் பிறந்த இல்லத்தைக் காண வெளிநாட்டாரும் வருகின்றனர். திருச்சுழிக்கு மிக அருகில் உள்ள பள்ளிமடத்தில் காளைநாதசுவாமி கோயில் இருக்கிறது. மறைந்த பாண்டிய மன்னன் ஒருவனின் நினைவாக எழுந்த பள்ளிப்படைக் கோயில் இது என்பதைக் கல்வெட்டுக்கள் காட்டுகின்றன. திருச்சுழி வரும் பிரயாணிகளுள் பள்ளிமடம் சென்று பார்ப்பவர் எத்தனை பேர்? வழிகாட்டும் பலகை ஒன்று இருப்பின் பலர் செல்வர் என்பதில் ஐயமில்லை.

மேலும் கிழக்கே செல்ல விரும்புவோர் நரிக்குடியை அடைந்து சத்திரத்தைக் காணலாம். ஆங்கிலேயரை எதிர்த்து 1801-இல் தூக்கிலிடப்பட்ட மருது சகோதரர்கள் பிறந்த முக்குளம் அப்பகுதியிலேயே இருக்கிறது. விருதுநகர்–மானாமதுரை இரயில் பாதை அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி ஆகிய மூன்று ஊர்களையும் இணைக்கிறது. 2013 முதல் அது அகலப் பாதை. களைத்தவர் இரயிலில் திரும்பலாம். ஆனால் வண்டி நேரத்தையும், சைக்கிளை ஏற்றுவதற்கான விதிகளையும் முன்னரே கேட்டறிதல் அவசியம்.

இரண்டாவது, மேற்கு வழி. அருப்புக்கோட்டையிலிருந்து விருதுநகர் செல்லும் சாலையில் இருப்பது பாலவநத்தம். 1901-இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் இவ்வூர் ஜமீந்தார். அருப்புக்கோட்டையை அடுத்துள்ள கோவிலாங்குளத்தையும் இப்பயணத்தில் சேர்த்துக்கொள்ளலாம். அங்குச் சமண சமயத்தார் 'முக்குடையார்' என்று வழிபட்ட அருகக் கடவுளுக்கு நிலம் அளிக்கப்பட்டதைக் கூறும் குலோத்துங்க சோழன் காலக் கல்வெட்டு உண்டு. அதே ஊரில் இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் மானாவாரிச் சாகுபடியைப் பற்றி ஆராய்ந்து வருகிறது. ஏறக்குறைய 900 ஆண்டுகளுக்கு முற்பட்ட நிலக்கொடையையும் இன்றைய நில ஆராய்ச்சியையும் ஒரே ஊரில் காணும் வாய்ப்பு எளிதில் கிட்டுவதன்று.

மூன்றாவது, வடக்கு வழி. காரியாபட்டி வட்டாரத்தில் உள்ள ஆவியூரில் பெருங்கற்காலத்துக் கல்வட்டங்கள் உள்ளன. அதன் அருகிலுள்ள குறண்டியில் திருக்காட்டாம்பள்ளி என்ற பெரிய சமணப் பள்ளி இருந்தது. மதுரையை அடுத்த சமணர் மலைக் கல்வெட்டுக்களில் இப்பள்ளியைச் சேர்ந்த துறவியர் குறிப்பிடப்படுகின்றனர். மதுரையிலிருந்து வருவோருக்கு இவ்வழியே அண்மையானது. ஆயின், நான்கு வழிச் சாலையில் சைக்கிளை விடுதல் ஆபத்து. ஊர்களை இணைக்கும் உட்சாலைகளையே வழியாகக் குறிக்க வேண்டும்.

இவற்றோடு, அருப்புக்கோட்டை நகரத்து நெசவுத் தெருக்களையும், சுற்றுப்புற மல்லிகைத் தோட்டங்களையும் சேர்த்தால் இரண்டு நாட்களுக்குக் குறையாத யாத்திரை அமைந்துவிடும்.

பருவமும் நிலமும்

நம் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில். எனவே மார்கழி, தை, மாசி மாதங்களே யாத்திரைக்கு ஏற்றவை. அப்போது கண்மாய்களில் நீர் இருக்கும். காடுகளில் உளுந்து, கம்பு, சோளம், மல்லி, மிளகாய், பருத்தி ஆகியவை நிற்கும். சித்திரை, வைகாசி வெயிலில் எவரையும் அழைத்தல் தகாது.

சைக்கிளுக்கு இங்கு இடையூறுகள் நான்கு. முதலாவது, கரிசல் மண். காய்ந்த காலத்தில் அது கெட்டித் தளம். மழை பெய்தால் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையே அப்பிக்கொண்டு சைக்கிளை நகர விடாது. தூக்கித் தோளில் வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. சரளை போட்ட பாதையையோ தார்ச் சாலையையோதான் வழியாகக் குறிக்க வேண்டும். இரண்டாவது, சீமைக்கருவேல முள். விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் வெட்டிச் செல்லும்போது உதிரும் முட்கள் டயரைத் துளைத்து டியூபில் ஏறிவிடுகின்றன. மூன்றாவது, சாலையில் தானியம் உலர்த்தும் வழக்கம். சோளத்தட்டையின் மேலோ உளுந்தஞ்செடியின் மேலோ ஏறிய சைக்கிள் வழுக்கும். இரவில் காவலுக்கு வைத்த கற்களில் மோதி உயிரிழப்பும் நேரக்கூடும். நான்காவது, இரவில் விளக்கற்ற பாலங்களும் திருப்பங்களும்.

இந்நான்கு இடையூறுகளையும் நாள்தோறும் அனுபவிப்பவர் எவர்? எங்கிருந்தோ வரும் பிரயாணி அல்லர். அரசினர் வழங்கிய விலையில்லா மிதிவண்டியில் மேனிலைப் பள்ளிக்குச் செல்லும் நம் ஊர்ப் பெண்தான். மல்லிகைக் கூடையைக் கேரியரில் கட்டிக்கொண்டு விடியுமுன் சந்தைக்குச் செல்லும் விவசாயிதான். 1991-ஐ ஒட்டிய ஆண்டுகளில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தினர் எழுத்தறிவோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்பித்தனர். பல்லாயிரம் கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றனர். சந்தைக்கும் வேலைக்கும் பிறர் துணையின்றிச் சென்றுவரத் தொடங்கினர். சைக்கிள் செல்லத் தகுந்த பாதை என்பது முதலில் இவர்களுக்குரியது, பின்னரே விருந்தினருக்குரியது.

வரவு செலவுக் கணக்கு

ஆசையால் அல்லாமல் கணக்கால் முடிவு செய்வோம். ஓராண்டில் 20 விடுமுறை நாட்களில், நாளொன்றுக்கு 10 பேர் ஒரு கிராமத்திற்கு வருவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் உணவு, மோர், பொருள் என்று ரூ. 150 செலவிட்டால், மொத்தம் ரூ. 30,000. இதை 5 குடும்பங்கள் பங்கிட்டுக்கொண்டால் குடும்பத்திற்கு ஆண்டுக்கு ரூ. 6,000. அதிலும் சமையல் செலவைக் கழிக்க வேண்டும்.

இத்தொகை அற்பமன்று; பள்ளிச் செலவுக்கு உதவும். ஆனால் இதை நம்பிக் கடன் வாங்கி விடுதி கட்டுவதோ, வயலை விற்றுக் கடை வைப்பதோ, பஞ்சாயத்து நிதியில் அலங்கார வளைவு எழுப்புவதோ அறிவுடைமையாகாது. பருவம் பொய்த்தால் பயிர் கருகுவதுபோல, ஒரு நோயோ ஒரு வதந்தியோ பரவினால் பிரயாணிகளும் வரமாட்டார்கள். கொரோனா நோய் பரவிய 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் யாத்திரைத் தொழில் அடங்கிக் கிடந்ததை நாம் கண்டோம்.

எனவே ஒரு விதியை வகுத்துக்கொள்வோம்: ஒரு பிரயாணியும் வராவிட்டாலும் ஊருக்குப் பயன்படுகின்ற காரியத்திற்கு மட்டுமே பொதுப்பணத்தைச் செலவிட வேண்டும். தூர்வாரிய ஊரணி, முள் நீக்கிய சாலை, உலர்களம், தெருவிளக்கு, சுத்தமான கழிப்பிடம் ஆகியவை இவ்விதிக்குப் பொருந்தும். விருந்தினர் விடுதியும் வளைவும் பொருந்தா.

பஞ்சாயத்துக்கள் செய்ய வேண்டியவை

1. வழியை அளத்தல். பள்ளி மாணவரும் ஆசிரியரும் இளைஞரும் சேர்ந்து, ஒரு காலை வேளையில் தம் ஊர் எல்லை முழுதும் சைக்கிளில் சென்று, தண்ணீர் கிடைக்கும் இடம், நிழல், பள்ளம், முள் மண்டிய இடம், இருண்ட திருப்பம் ஆகியவற்றைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். இதற்குச் செலவே இல்லை.

2. கிராம சபையில் வைத்தல். அக்குறிப்பைக் கிராம சபையில் படித்து, முதலில் சீர் செய்ய வேண்டிய மூன்றைத் தேர்ந்தெடுத்துத் தீர்மானம் இயற்றுக. சாலை நெடுஞ்சாலைத் துறைக்கோ ஊராட்சி ஒன்றியத்திற்கோ உரியதாயின், தீர்மானத்தின் நகலை அவர்களுக்கு அனுப்புக.

3. தண்ணீர். ஐந்து கிலோமீட்டருக்கு ஓரிடமேனும் குடிக்கத் தகுந்த நீர் இருத்தல் வேண்டும். கோடையில் நாம் தண்ணீர்ப் பந்தல் வைக்கிறோம். அதற்கு ஓர் இடத்தை நிலையாக ஒதுக்கி, மண்பானையை மூடி வைத்து, நாள்தோறும் கழுவுவதற்கு ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும்.

4. முள். வெட்டிய சீமைக்கருவேலை ரோட்டோரத்தில் போடலாகாது என்று ஊர்க்கட்டுப்பாடு செய்க. முள் ஏற்றிய வண்டி சென்ற பின் சாலையைப் பெருக்கும் பொறுப்பு வெட்டியவருடையது.

5. உலர்களம். களம் இல்லாத ஊர்கள் அதற்கு விண்ணப்பிக்கலாம். களம் இருந்தும் சாலையில் தானியம் பரப்பப்படுமாயின், அது தொலைவில் இருப்பதாலா, விரிசல் கண்டதாலா என்று விசாரித்துச் சீர்செய்க.

6. பலகை. ஊர்ப் பெயர், அடுத்த ஊர்த் தூரம், தண்ணீர் கிடைக்கும் இடம், கோயில் நடை திறக்கும் நேரம் ஆகியவற்றைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதுக. நடுப்பகலில் நடை சாத்தியிருக்கும் என்பதை அறியாமல் வெயிலில் வந்து ஏமாறுவோர் பலர்.

7. மரம். வேம்பு, புங்கை, புளி, அரசு, பனை என்று கலந்து நடுக. மூன்று கோடைகள் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லையேல் நட வேண்டாம்.

8. உணவும் பழுது பார்த்தலும். மகளிர் சுய உதவிக் குழுக்கள் முன்னறிவிப்பின் பேரில் கம்மங்கூழ், குதிரைவாலிச் சோறு, மோர், பனங்கிழங்கு முதலியவற்றை அளிக்கலாம். விலையை எழுதித் தொங்கவிடுக. ஊராருக்கு ஒரு விலை, வெளியூராருக்கு ஒரு விலை என்பது கூடாது. ஊர்ப் பஞ்சர் கடையில் பம்பு, சொல்யூஷன், வால்வு டியூப் ஆகியவை எந்நாளும் இருக்குமாறு பார்த்துக்கொள்க.

9. பழம்பொருள் காத்தல். எழுத்துள்ள கல்லைத் துணி துவைக்கவோ படிக்கட்டாகவோ பயன்படுத்தலாகாது. கோயில் சுவர்க் கல்வெட்டின்மேல் சுண்ணாம்போ வர்ணமோ பூசலாகாது. நிலத்தை உழும்போது சிலையோ தாழியோ நாணயமோ கிடைத்தால் உடனே வட்டாட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். கல்வட்டத்துக் கற்களைப் பெயர்த்து வேலிக்கு அணைப்பதால் ஒரு நாள் வேலை மிஞ்சலாம். பல தலைமுறைகள் நின்ற சின்னம் மீளாது.

விருந்தினர்க்கும் கடமை உண்டு

வருவோரும் சில விதிகளுக்கு உட்பட்டவரே. பயிரில் இறங்குதல், அனுமதியின்றிப் பெண்களையும் குழந்தைகளையும் படம் எடுத்தல், ஊரணியில் குளித்தல், பிளாஸ்டிக் குப்பையை விட்டுச் செல்லுதல் ஆகியவற்றைப் பஞ்சாயத்து தடுக்கலாம், தடுக்க வேண்டும். இவற்றையும் அப்பலகையிலேயே பணிவான சொற்களில் எழுதுக. உபசாரம் என்பது ஊரின் மதிப்பை விட்டுக்கொடுப்பதன்று.

முடிவுரை

நம் பகுதியிலிருந்து இளைஞர் திருப்பூருக்கும் சென்னைக்கும் வெளிநாடுகளுக்கும் சென்றவண்ணம் இருக்கின்றனர். சைக்கிள் பிரயாணிகள் சிலர் வருவதால் இப்பெயர்ச்சி நின்றுவிடும் என்று நாம் கூறவில்லை. ஆனால், தம் ஊரில் காண ஒன்றுமில்லை என்று எண்ணி வளரும் பிள்ளைக்கும், பள்ளிமடத்துக் கல்வெட்டையும் பாலவநத்தத்துத் தமிழ்த் தொண்டையும் அறிந்து வளரும் பிள்ளைக்கும் வேறுபாடு உண்டு. பின்னவன் எங்குச் சென்றாலும் தன் ஊர் ஊரணியைப் பற்றிக் கேட்பான். கூடுமானால் தூர்வாரப் பணமும் அனுப்புவான்.

ஆகவே வரும் கிராம சபைக் கூட்டத்திற்கு முன்னரே உங்கள் ஊர் வழியை ஒருமுறை சைக்கிளில் சென்று அளந்து பாருங்கள். விருந்தினர் வரும்போது வரட்டும். முள் நீக்கிய சாலையில் நாளைக் காலையே நம் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்வர்.

கலந்துரையாடலுக்குரிய வினாக்கள்

1. உங்கள் ஊர் எல்லைக்குள் வெளியூரார் அறியாத பழஞ்சின்னம் எது? அதன் இன்றைய நிலை என்ன?

2. பள்ளிக்குச் சைக்கிளில் செல்லும் மாணவியர், வழியில் எந்த இடத்தில் அஞ்சுகின்றனர் அல்லது இடர்ப்படுகின்றனர்? அவர்களையே கேட்டு எழுதுக.

3. கோடையில் உங்கள் ஊர் வழியே செல்பவருக்குக் குடிநீர் எங்குக் கிடைக்கிறது? அடுத்த இடம் எத்தனை கிலோமீட்டர்?

4. உங்கள் பஞ்சாயத்து சென்ற ஆண்டு செய்த செலவுகளுள், வெளியூரார் எவரும் வராவிட்டாலும் ஊருக்குப் பயன்படுபவை எவை? பயன்படாதவை எவை?